மரியா மொண்டிசோரி அம்மையார்: சிறுவர் கையில் உலகப்படம்

ஏறாவூரில் மொண்டிசோரி என்ற சொல்லை அறியாத தாய் இருக்கமாட்டார். மூன்று வயது நிரம்பிய பிள்ளையை எங்கே விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டால், மொண்டிசோரியில் என்றுதான் பதில் வரும். பெயர்ப்பலகையில் பாலர் பாடசாலை என்று எழுதியிருந்தாலும் வாயில் வருவது அந்தச் சொல்தான். அது இத்தாலியில் பிறந்த ஒரு பெண்மணியின் குடும்பப் பெயர் என்பதை நம்மில் பலர் ஆசிரியர் கலாசாலைக்குப் போன பிறகே அறிந்துகொண்டோம். அந்தப் பெண்மணி, நம் புன்னைக்குடாவில் அலையடிக்கும் அதே வங்காள விரிகுடாவின் கரையில், சென்னை அடையாற்றில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பதும், 1944 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தவர் என்பதும் இன்னும் குறைவானவர்களுக்கே தெரியும்.

நூற்றாண்டு மலரில் ஒரு பெரியாரின் வாழ்க்கையை எழுத வேண்டும் என்று முடிவானபோது நாம் இவரைத் தேர்ந்தெடுத்தோம். நம் சங்கத்தவரில் ஆரம்பப் பிரிவு ஆசிரியைகளும் பாலர் பாடசாலை நடத்துபவர்களும் ஏராளம் என்பது ஒரு காரணம். மற்றக் காரணம், சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குத் தேசப்படம் படிப்பிப்பது. ஆரம்ப வகுப்பில் இதைவிட அதிகமாகப் பாழாக்கப்படும் பாடம் வேறில்லை என்பது நம் அபிப்பிராயம். அந்தப் பாடத்துக்கு அம்மையாரிடம் ஒரு வழி இருந்தது. அது பாலர் வகுப்போடு நின்றுவிடும் வழியும் அல்ல.

1870 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31 ஆம் திகதி, இத்தாலியின் கிழக்குக் கரையில் அங்கோனா நகருக்கு அண்மையில் உள்ள கியாரவல்லே என்ற சிற்றூரில் மரியா பிறந்தார். தந்தையார் அலெஸ்ஸாண்ட்ரோ அரச புகையிலை நிர்வாகத்தில் அலுவலர். தாயார் ரெனில்டே நிறைய வாசிக்கும் பெண். தந்தையின் உத்தியோக மாற்றத்தோடு குடும்பம் புளோரன்சுக்கும், பின்னர் ரோமாபுரிக்கும் குடிபெயர்ந்தது. பெண்பிள்ளை ஆசிரியையாக வந்தால் போதும் என்பது அக்கால எண்ணம். மரியாவோ பொறியியல் படிக்க விரும்பி ஆண்பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பாடசாலையில் சேர்ந்தார். பிறகு மனம் மருத்துவத்துக்கு மாறியது. ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் ஆண் மாணவர்களோடு சேர்ந்து நின்று பிரேதத்தை அறுத்துப் பார்ப்பது பெண்ணுக்குத் தகாது என்று கருதப்பட்டதால், எல்லோரும் போன பின் தனியே அந்த அறையில் நின்று படித்தார். 1896 ஆம் ஆண்டு வைத்தியராகப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் வைத்தியர் இவர்தான் என்று பல மலர்களிலும் எழுதுவார்கள். அது சரியன்று. இவருக்கு முன்னரே சில பெண்கள் அங்கே பட்டம் பெற்றிருந்தனர். அம்மையாரின் பெருமைக்கு அந்தப் பட்டியலில் முதலிடம் தேவையுமில்லை.

வைத்தியராக அவர் போன இடங்களில் ஒன்று, மனநோயாளருக்கான இல்லங்கள். அங்கே வளர்ச்சி குன்றிய சிறுவர்களையும் பெரியவர்களோடு அடைத்து வைத்திருந்தார்கள். கையில் எடுத்துப் பார்க்கவோ விளையாடவோ அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பொருளும் இல்லை. பிள்ளையின் அறிவு கையின் வழியாகத்தான் வளர்கிறது என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் வலுப்பட்டது. இத்தார், செகான் என்ற இரு பிரெஞ்சு வைத்தியர்கள் முன்னரே எழுதிவைத்தவற்றைத் தேடிப் படித்தார். தொட்டும் தடவியும் பொருத்தியும் கற்கும் உபகரணங்களைச் செய்வித்தார்.

அந்த ஆண்டுகளில் அவர் வாழ்வில் ஒரு துயரமும் நேர்ந்தது. உடன் பணிசெய்த வைத்தியர் ஜுசெப்பே மொன்தெசானோவுக்கும் அவருக்கும் 1898 ஆம் ஆண்டில் மரியோ என்ற ஆண்பிள்ளை பிறந்தது. திருமணம் நடக்கவில்லை. பிள்ளை கிராமத்தில் ஒரு குடும்பத்தில் வளர்ந்தான். பதின்ம வயதில்தான் தாயோடு வந்து சேர்ந்தான். அதன் பிறகும் வெகுகாலம் உலகுக்கு அவன் அவரது மகன் என்று சொல்லப்படவில்லை. ஊரார் பிள்ளைகளுக்காக வாழ்ந்த பெண் தன் பிள்ளையைப் பிரிந்திருந்தார். வெளிநாட்டில் வேலைசெய்து பிள்ளைகளைப் பாட்டிமாரிடம் விட்டிருக்கும் நம் சகோதரிகளுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. அந்த மரியோவே பின்னாளில் தாயின் வலக்கையாக இருந்து, கடல் கடந்து அவரோடு இந்தியாவுக்கு வந்தார்.

1907 ஆம் ஆண்டு ஜனவரி 6 ஆம் திகதி, ரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் சிறுவர் இல்லம் திறக்கப்பட்டது. தாய் தந்தையர் வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளைகள் மாடிவீடுகளின் சுவர்களைக் கிறுக்கிப் பழுதாக்குகிறார்கள் என்று கட்டட உரிமையாளர்கள் கவலைப்பட்டதே இல்லம் பிறந்த காரணம். ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அங்கே சேர்ந்தார்கள். மேசை கதிரைகள் பிள்ளையின் உயரத்துக்குச் செய்யப்பட்டன. எழுத்துக்கள் அரத்தாளில் வெட்டி ஒட்டப்பட்டன. பிள்ளை விரலால் அந்தச் சொரசொரப்பைத் தடவி, எழுத்தின் வடிவைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே பென்சிலைத் தொட்டது. அதன் பிறகு நடந்தவை உலகறிந்தவை. 1909 இல் அவரது முதல் நூல் வெளிவந்தது, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது, அமெரிக்காவில் சொற்பொழிவு, இங்கிலாந்தில் பயிற்சி, ஸ்பெயினில் குடியிருப்பு என்று வாழ்க்கை ஓடியது. 1931 இல் லண்டனில் மகாத்மா காந்தி அவரது பயிற்சி நிலையத்துக்குச் சென்று உரையாற்றினார்.

எழுத்துக்குச் செய்ததையே பூமிசாஸ்திரத்துக்கும் செய்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய விடயம். மொண்டிசோரி வகுப்பறைக்குள் போனால் இரண்டு சிறிய பூகோள உருண்டைகளைக் காணலாம். முதலாவதில் தரை முழுவதும் அரத்தாள் போலச் சொரசொரப்பாகவும் கடல் முழுவதும் வழுவழுப்பாகவும் இருக்கும். பெயர் எதுவும் எழுதப்பட்டிராது. கண்ணை மூடிக்கொண்டு பிள்ளை அதைச் சுற்றித் தடவும். கடல் எவ்வளவு அதிகம், தரை எவ்வளவு குறைவு என்பதை விரல் அறிந்துகொள்ளும். இரண்டாவது உருண்டையில் ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒரு நிறம். ஆசியா மஞ்சள், ஆபிரிக்கா பச்சை, ஐரோப்பா சிவப்பு. அடுத்ததாக, இரண்டு அரைவட்டங்களாக விரித்து வைத்த உலகம் பலகையில் வரும். கண்டங்களைத் துண்டு துண்டாக எடுத்து மீண்டும் பொருத்தலாம். நிறங்கள் உருண்டையில் இருந்த அதே நிறங்கள். உருண்டையான உலகம் தட்டையான தாளுக்கு வந்து சேரும் கதையைப் பிள்ளை இப்படிக் கையாலேயே வாசிக்கிறது. பிறகு துண்டுகளைத் தாளில் வைத்து ஓரத்தால் பென்சில் ஓட்டி, நிறந்தீட்டித் தன் படத்தைத் தானே செய்துகொள்கிறது.

நம் காலத்திலும் மட்டையில் வெட்டிய இலங்கை உருவத்தைக் கொப்பியில் வைத்து ஓரத்தால் பென்சில் ஓட்டினோம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே செயல்தான். நமக்கு அதுவே பாடத்தின் தொடக்கமும் முடிவுமாக இருந்தது. அந்தப் பிள்ளைக்கோ அது நாலாவது, ஐந்தாவது படி.

இன்னொரு உபகரணம், வாவிக்கரையில் வாழும் நாம் பொறாமைப்படத்தக்கது. தட்டுக்கள் இரண்டிரண்டாக வரும். ஒரு தட்டில் நடுவே மண்மேடு, சுற்றிலும் பள்ளம். பிள்ளை அதில் நீர் ஊற்றினால் தீவு பிறக்கும். அதன் இணைத் தட்டில் சுற்றிலும் மேடு, நடுவே பள்ளம். அதில் நீர் ஊற்றினால் ஏரி. இப்படியே குடாநாட்டுக்கு வளைகுடா, பூசந்திக்கு நீரிணை, முனைக்குக் குடா. தரையும் நீரும் ஒன்றின் அச்சில் மற்றது வார்த்ததுபோல் இருக்கும். சொல்லை மனப்பாடம் செய்யும் முன் பிள்ளை அந்த வடிவத்தை நீரூற்றிச் செய்துவிடுகிறது.

இதை எழுதும்போது நம் ஊர்ப்பெயர்கள்தான் நினைவில் வரிசையாக நிற்கின்றன. புன்னைக்குடா, தன்னாமுனை, புளியந்தீவு, மாந்தீவு, பாலமீன்மடு, கல்லடி உப்போடை, கல்லாறு, அம்பிளாந்துறை. மட்டக்களப்பு நாட்டின் பெயர்களே ஒரு பூமிசாஸ்திரப் புத்தகம். குடா என்றால் என்ன என்று நான்காம் வகுப்பில் வரைவிலக்கணம் எழுதும் பிள்ளை, விடுமுறையில் புன்னைக்குடாவுக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறது. இரண்டும் ஒரே சொல் என்று அதற்கு யாரும் காட்டிக்கொடுப்பதில்லை.

அம்மையாரின் வாழ்க்கைக்குத் திரும்புவோம். முசோலினி ஆட்சி முதலில் அவரது பாடசாலைகளை ஆதரித்தது. அவரும் அந்த ஆதரவை ஏற்றுக்கொண்டார். இதை மூடிமறைத்து எழுதுவதில் பயனில்லை. பிள்ளைகளைச் சிறு போர்வீரர்களாக்க அந்த அரசு முயன்றபோதுதான் இருவருக்கும் ஒத்துவராமல் போயிற்று. 1934 இல் உறவு முறிந்தது. இத்தாலியிலும் ஜேர்மனியிலும் அவரது பாடசாலைகள் மூடப்பட்டன. 1936 இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. பார்சிலோனாவில் இருந்தவர் பிரித்தானியக் கப்பலில் ஏறித் தப்பினார். பின்னர் நெதர்லாந்தில் குடியேறினார். அறுபத்தாறை எட்டும் வயதில் அகதியாவது எப்படி என்று நம் ஊரில் கேட்டால் சொல்வதற்குப் பலர் இருக்கிறார்கள்.

1939 ஆம் ஆண்டு, பிரம்மஞான சபையின் தலைவர் ஜோர்ஜ் அருண்டேலும் அவரது துணைவியார் ருக்மிணி தேவியும் அழைத்ததன்பேரில் அம்மையாரும் மரியோவும் சென்னைக்கு வந்தார்கள். சில மாதங்கள் தங்கிப் பயிற்சி நடத்திவிட்டுத் திரும்புவதே எண்ணம். அடையாற்றில், ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அண்மையில், ஓலைக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. முந்நூறுக்கு மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொன்னார்.

1940 ஜூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியர் எல்லோரும் பிரித்தானிய அரசுக்கு எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மையார் பிரம்மஞான சபை வளவைவிட்டு வெளியேறக்கூடாது என்று உத்தரவு வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அவரது எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி, மகன் விடுவிக்கப்பட்டார். அரசு அனுப்பிய அந்தச் செய்தியில்தான் மரியோ அவரது மகன் என்று முதன்முதலாக வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நடமாட்டக் கட்டுப்பாடு மட்டும் தொடர்ந்தது.

ஒரு வளவின் வேலிக்குள் நின்ற அந்தக் காலத்தில்தான் அவர் பிள்ளைகளுக்கு முழு உலகத்தையும் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தை விரித்து எழுதினார். இது நம்மை மிகவும் யோசிக்க வைத்த செய்தி. வளவு, ஒழுங்கை, பாடசாலை, மீண்டும் வளவு என்று வளர்ந்த பெண்பிள்ளைகள் நம்மில் பலர். வீட்டிலிருந்து வாவிக்கரை எவ்வளவு தூரம் என்று நம் சகோதரர்கள் காலால் அறிந்திருந்தார்கள். நாம் அதைக் கேள்வியால் அறிந்தோம். பின்னர் போர் வந்தது. 1990 ஆகஸ்ட் மாதத்தை இந்த ஊர் மறக்காது. அந்த ஆண்டுகளில் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப்போய் எழுவான் எது, படுவான் எது என்று காட்ட எந்த ஆசிரியையும் துணிந்திருக்கமாட்டார். தேசப்படம் சுவரில் மட்டும் இருந்தது. பின்னர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் டோஹாவிலும் போய் இறங்கிய நம் சகோதரிகள், முன்பின் தெரியாத நகரத்தில் நிலக்கீழ்ப் புகையிரதப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வழி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. தேசப்படம் வாசிக்கத் தெரிவது பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

1942 இலிருந்து 1944 வரை அம்மையார் கொடைக்கானலில் இருந்தார். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் உள்ள மலையூர் அது. அங்கே பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தார்கள். சின்னப்பிள்ளைகளின் வகுப்பில் தொடங்கிய அவரது முறை, ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையான ஆரம்பப் பிரிவுக்கு முழுமையாக விரிந்தது அங்கேதான். காடும் மலையும் ஓடையும் பாடப்பொருளாயின. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன என்ற ஆசிரியை கொடைக்கானலில் அவரோடு பணிசெய்தார். நம் நாட்டுப் பெண் ஒருவருக்கு அந்த வேலையில் பங்கு இருந்தது என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த மலையில் அவர் உறுதிப்படுத்திய கொள்கை நம் பாடத்திட்டத்துக்கு நேர்மாறானது. நாம் வீடு, பாடசாலை, கிராமம், மாவட்டம், நாடு, கடைசியாக உலகம் என்று சிறியதிலிருந்து பெரியதுக்குப் போகிறோம். அவரோ ஆறு வயதுப் பிள்ளைக்கு முழுப் பிரபஞ்சத்தையும் முதலில் கதையாகக் கொடு என்றார். சூரியன், பூமி, கடல், தரை, பிறகு கண்டம், பிறகு நாடு. முழுதைக் கண்ட பிள்ளைக்குத்தான் பகுதிகள் எங்கே பொருந்துகின்றன என்று விளங்கும் என்பது அவர் வாதம். இந்தக் கருத்துக்களைக் கொண்ட நூல் 1948 இல் அடையாற்றில் வெளிவந்தது.

இதற்கு எதிர்ப்பக்கம் நின்றவர் சுவிற்சர்லாந்தின் பெஸ்தலோசி. அம்மையாருக்கு நூறு ஆண்டுகள் முந்தியவர். இவெர்தோன் என்ற ஊரில் அவர் நடத்திய பாடசாலையில் பிள்ளைகளை முதலில் அருகிலுள்ள ஒடுங்கிய பள்ளத்தாக்குக்கு அழைத்துப்போவார்கள். சுற்றிப் பார்த்த பின் அங்கேயே களிமண் அள்ளிக் கூடையில் கொண்டுவந்து, நீண்ட மேசையில் அந்தப் பள்ளத்தாக்கைப் பிள்ளைகள் செய்வார்கள். அடுத்த நாள் இன்னும் உயரமான இடத்துக்குப் போய் மேலும் கொஞ்சம் பார்த்துவந்து சேர்ப்பார்கள். எல்லாம் முடிந்த பின்னர்தான் தேசப்படம் கண்ணில் காட்டப்படும். அப்போது அதை விளக்க வேண்டிய தேவையே இருக்காது.

யார் சொன்னது சரி? ஆசிரியைகள் கூடும் இடங்களில் இதைப்பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஏறாவூர்ப் பிள்ளைக்கு இருவரும் வேண்டும் என்பது நம் முடிவு. இங்கே ஒரு பிள்ளையின் தாய் குவைத்தில் இருக்கிறார். இன்னொரு பிள்ளையின் தந்தை கட்டாரில். மாமி லண்டனில். கொழும்பை ஒருமுறையும் காணாத பிள்ளைக்குக் குவைத்தில் இப்போது நேரம் என்ன என்று தெரியும். உம்மா எங்கே, அம்மா எங்கே என்று ஐந்து வயதில் கேட்கும் பிள்ளைக்கு, அது எட்டாம் வகுப்பில் வரும் பாடம் என்று சொல்லமுடியுமா? அந்தப் பிள்ளையின் கையில் உருண்டையைக் கொடுத்து, இதோ நம் தீவு, இதோ கடல், இந்தக் கடலுக்கு மேலாக விமானம் போகிறது, இதோ உம்மா இருக்கும் கரை என்று விரலை நகர்த்திக் காட்ட வேண்டும். பிள்ளை அந்த இடைவெளியைத் தன் சாணால் அளந்து பார்க்கும். அதேவேளை, அந்தப் பிள்ளை வாவியையும் காலால் அறிய வேண்டும்.

வாவியைப் பொறுத்தவரை நம் முன்னோர் பாதி வேலையை முடித்து வைத்திருக்கிறார்கள். கடல் பக்கத்துக் கரை எழுவான்கரை. மேற்குப் பக்கம் படுவான்கரை. சூரியன் எழுவதும் படுவதும் கரைகளுக்குப் பெயராக இருக்கும்போது திசை படிப்பிக்க வேறு என்ன வேண்டும்? காலையில் பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்தி, எழுவானைப் பார்த்து இரு கைகளையும் நீட்டச் சொன்னால் போதும். இடக்கை திருகோணமலைப் பக்கம், அது வடக்கு. வலக்கை கல்முனைப் பக்கம், அது தெற்கு. முதுகுப் பக்கம் படுவான். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, இந்தப் பெயர்களை வைத்தவர் எங்கே நின்றிருப்பார் என்று கேட்கும். வாவியின் நடுவில், தோணியில் நின்றிருக்க வேண்டும். எந்தப் படமும் யாரோ ஒருவர் ஓரிடத்தில் நின்று பார்த்ததுதான் என்ற பெரிய பாடம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

சுவரில் தொங்கும் படம் ஒரு தொல்லையைச் செய்கிறது. வடக்கு எங்கே என்று கேட்டால் பிள்ளை விரலை வானத்துக்கு நீட்டும். படத்தில் வடக்கு மேலே இருக்கிறதே! ஆகையால் முதல் இரண்டு ஆண்டுகளுக்காவது படத்தைத் தரையில் விரிக்க வேண்டும். படத்தின் வடக்கு உண்மையான வடக்கைப் பார்க்கும்படி திருப்பி, பிள்ளைகள் சுற்றி உட்கார வேண்டும். மொண்டிசோரி வகுப்பில் பிள்ளைகள் தரையில் பாய் விரித்துப் பலகைத் துண்டுகளைப் பொருத்துவதில் இந்தச் செளகரியமும் உண்டு.

மேலிருந்து பார்ப்பது என்றால் என்ன என்பது அடுத்த இடர். ஆறு வயதுப் பிள்ளை வீடு வரைந்தால் கூரையும் கதவும் யன்னலும் வரையும்; மேலிருந்து பார்த்த சதுரத்தை வரையாது. ஒரு தீப்பெட்டியை மேசையில் வைத்து, கதிரையில் ஏறி நின்று நேர்மேலே பார்க்கச் செய்யலாம். பிறகு அதைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, பெட்டியை எடுத்துவிடலாம். பெட்டி போய் அதன் இடம் மட்டும் தாளில் இருக்கிறதைப் பிள்ளை காணும்போது தேசப்படத்தின் இரகசியம் பிடிபட்டுவிடும். வகுப்பறையை அளக்கச் சதுரக் கோட்டுக் கொப்பி உதவும். ஒரு காலடிக்கு ஒரு சதுரம். பாத்திமாவுக்கு இருபது காலடியும் கமலாவுக்குப் பதினேழும் வந்தால் சண்டை வரும். வரட்டும். எல்லோருக்கும் பொதுவான அளவு ஏன் வேண்டும் என்பதை அந்தச் சண்டைதான் படிப்பிக்கும்.

அளவுத்திட்டத்தைச் சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு வாவியைக்கொண்டே காட்டலாம். ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். 1800 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இலங்கை நில அளவைத் திணைக்களம் முன்னர் ஒரு மைலை ஓர் அங்குலமாக்கிப் படங்கள் வெளியிட்டது. அந்தக் கணக்கில் நம் வாவி 35 அங்குலம் நீளும்; வகுப்பறை மேசையின் நீளம் என்று வைத்துக்கொள்ளலாம். இன்றைய ஐம்பதாயிரத்தில் ஒன்று என்ற அளவில் அது 112 சதமமீற்றர். வாவியோரக் களிமண்ணை மேசையில் பரப்பி, வாவியைப் பள்ளமாகக் கீறி, முகத்துவாரத்தைத் திறந்துவிட்டு, புளியந்தீவை நடுவில் வைத்து, நீரூற்றிப் பார்க்க ஒரு காலை நேரம் போதும். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் முன் அங்கே ஓடிய படகுப் பாதையை ஒரு தீப்பெட்டியால் செய்து காட்டலாம். பள்ளிவாசல், கோயில், தேவாலயம், வயல், தோணித்துறை என்பவற்றுக்கு என்ன குறியீடு வைப்பது என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும். புத்தகத்தில் உள்ள குறியீடுகளைப் பிறகு கொடுத்தால் அவை அந்நியமாக இராது.

இவற்றுக்கு விலையுயர்ந்த உபகரணம் தேவையில்லை. அம்மையாரின் பெயரால் விற்கப்படும் பலகைச் சாமான்களின் விலையைக் கேட்டு மலைத்துப்போன ஆசிரியைகள் உண்டு. உபகரணம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில் அம்மையாரும் கண்டிப்பானவர்தான். அந்தக் கண்டிப்பு ஏழை நாடுகளில் அவரது முறைக்குத் தடையாகவும் இருந்திருக்கிறது. நமக்கு அதைவிடப் பெரிய குறை, பெயர்ப்பலகையில் அவர் பெயரை எழுதிவிட்டு உள்ளே மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொப்பியும் பென்சிலும் கொடுத்து வீட்டுவேலை எழுதச் சொல்வது. ஐந்தாம் வகுப்பு வந்ததும் புலமைப்பரிசில் பரீட்சைக்காக ஆறுகளின் பெயரையும் மாகாணங்களின் எண்ணிக்கையையும் ஒப்புவிக்க வைப்பது. அதிக புள்ளி எடுத்த பிள்ளையிடம் ஒரு படத்தைக் கொடுத்து, இதில் நீ நிற்கும் இடம் எது என்று கேட்டுப் பாருங்கள்.

1944 இல் நடமாட்டக் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்ததும் அம்மையார் இலங்கைக்கு வந்தார். அவரது சொற்பொழிவுகளை அடிப்படையாகக்கொண்டு ஞானப்பிரகாசம் என்பவர் தொகுத்த நூல் 1948 இல் கொழும்பில் அச்சானது. பெற்றோர் தம் பிள்ளையைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவை அதன் பொருள். நம் நாட்டில் மொண்டிசோரி என்ற சொல் வீட்டுச்சொல்லாக வேரூன்றிய காலமும் ஏறத்தாழ அதுதான்.

1946 இல் போர் முடிந்த பின் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டே மீண்டும் இந்தியா வந்தார். மொத்தத்தில் இந்த மண்ணில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றார்கள். 1949 இலிருந்து மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்துச் சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. கடைசிக் காலத்தில் நெதர்லாந்தின் நூர்த்வைக் என்ற கடற்கரையூரில் தங்கியிருந்தார்.

1952 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் திகதி அவரும் மரியோவும் ஒரு பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேற்கு ஆபிரிக்காவில், இன்று கானா என்று அழைக்கப்படும் நாட்டில், ஆசிரியர் பயிற்சி நடத்த வரும்படி அழைப்பு வந்திருந்தது. அப்போது அம்மையாருக்கு எண்பத்தொரு வயது. இந்த உடம்போடு அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்று மகன் தடுத்தார். போகத்தான் வேண்டும் என்று தாய் நின்றார். சற்று நேரத்துக்குள் அவர் உயிர் பிரிந்தது. அந்தக் கடற்கரையூரிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.